கத்தி பூஜையில் இருந்த மதியம்

என் பேன்டின் வலது பையில் எப்போதும் ஒரு கத்தி இருக்கும். ஒருவன் இப்படி ஆரம்பித்தால் யாரோ சாகப்போகிறார்கள் என்று நீங்கள் நிமிர்ந்து உட்காரக்கூடும். வேண்டாம், சாய்ந்தே இருங்கள். என் கத்தி இதுநாள்வரை குத்திக் கிழித்ததெல்லாம் சாம்பார் பாக்கெட்டை மட்டும்தான்.

மடக்குக் கத்தி. சிவப்புக் கைப்பிடிக்குள் ஒரு கூட்டுக் குடும்பமே குடியிருக்கிறது. பெரிய கத்தி, சின்னக் கத்தி, கத்தரிக்கோல், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், டப்பா திறப்பது, பல் குத்துவது, தக்கை பிடுங்கும் சுருள் கம்பி, அப்புறம் மீன் செதில் சுரண்ட என்று ஒன்று. பர்மா பஜாரில் வாங்கியது. விற்றவர் வெளிநாட்டுச் சரக்கு என்றார். எந்த நாடு என்று கேட்டேன். "உங்களுக்கு எது வேணும்?" என்றார். அந்த நேர்மைக்காகவே வாங்கினேன்.

நமது அரசாங்கக் கடைகளில் தக்கை போட்ட பாட்டில் விற்று நான் பார்த்ததில்லை. எனவே அந்தச் சுருள் கம்பி, பைஜாமா நாடா உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்போது அதைத் தேடி இழுத்து வரும் வேலையைப் பார்க்கிறது. செதில் சுரண்டியால் சுவிட்ச் போர்டில் முந்தைய வாடகைக்காரர் ஒட்டிவைத்துப் போன ஸ்டிக்கர்களைச் சுரண்டினேன். ஆனால் கத்தியின் முழுநேர உத்தியோகம் பார்சல்தான். தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியும். ஓட்டலில் சாம்பாரையும் சட்னியையும் பாக்கெட்டில் ஊற்றி, வெள்ளை நூலால் சரக்கென்று ஒரு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டுத் தருவார்கள். அந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பாக்கெட்டைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் நகத்தால் நோண்ட. நான் ஒருவன். என் சட்டைகளில் பாதியில் சாம்பார் சரித்திரம் எழுதப்பட்ட பிறகுதான் கத்தி வாங்கினேன்.

குடும்பஸ்தர்களுக்கு இது தேவைப்படாது. அவர்கள் வீட்டில் கத்தரிக்கோல் மனைவியின் தையல் டப்பாவில் இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் டிவிக்குப் பின்னால் இருக்கும், இல்லாவிட்டால் மச்சான் வீட்டில் இருக்கும். ஒவ்வொன்றையும் தேடும்போது ஒவ்வொருவரோடு சண்டை போடலாம். தனியாளுக்கு எல்லாம் ஒரே கைப்பிடிக்குள் மடங்கிவிடுகின்றன. சத்தமே இருக்காது.

கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குப் பின்னால் பெரிய கதை எதுவும் கிடையாது. சின்னக் கதைகூட, சொல்லிக்கொள்ளும்படியாக இல்லை.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பெரிய பதவி என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் வரும் வேலை விதிமுறைகளையும் எச்சரிக்கைப் பலகைகளையும் தமிழில் எழுதித் தருகிறேன். இளமையில் நாவல் எழுதுவதாக இருந்தேன். அதற்காக நிறையப் படித்தேன், படித்துக்கொண்டே இருந்தேன், படித்து முடித்தபோது நாற்பது தாண்டிவிட்டது. இப்போது என் எழுத்துகளில் மிக அதிகமாக வாசிக்கப்பட்டது, "கை வைக்காதே. விரல் நசுங்கும்" என்பது. ஷிப்டுக்கு ஷிப்டு ஆயிரக்கணக்கானோர் படிக்கிறார்கள், படித்ததும் கையை எடுத்துவிடுகிறார்கள். இப்படிப்பட்ட உடனடி விளைவு எந்த நாவலாசிரியனுக்குக் கிடைத்திருக்கிறது?

கத்தியைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோக முடியாது. கேட்டில் செக்யூரிட்டி வாங்கிக்கொண்டு டோக்கன் தருவார். அவருக்கு என் பெயர் தெரியாது. தினமும் கைநீட்டி, "கத்தி?" என்பார், நானும் எடுத்துக் கொடுப்பேன். எங்கள் உறவு அவ்வளவுதான் என்றாலும், நாளில் முதல் ஆளாக என்னிடம் பேசுகிறவர் அவர்தான்.

வாடகைக்கு இருப்பது பிள்ளைப்பாக்கத்தில், மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில். கீழே வீட்டுக்கார அம்மாவும் அவர் கணவரும். கணவருக்கு மனை வாங்கி விற்கும் தரகு வேலை, அவர் வீட்டில் இருந்து நான் பார்த்தது அபூர்வம். மேலே எல்லா அறைகளிலும் தென்மாவட்டத்துப் பையன்கள், அறைக்கு நான்கைந்து பேராக. ஷிப்டு மாற மாற அதே பாயில் வேறு ஆள் தூங்குவான். என் அறையில் மட்டும் ஒரே ஆளும், தரையிலிருந்து அடுக்கிய புத்தகங்களும். பையன்கள் என் கதவைத் தட்டுவார்கள்.

"சார், கத்தி இருக்கா சார்?"

"எதுக்குப்பா?"

"சிம் மாத்தணும் சார்."

பின்னாலேயே அறைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்கும். "ஏல, கத்தி சாருட்ட அப்படியே அந்தக் கத்தரிக்கோலும் வாங்கு. செருப்பு வாரு வெட்டணும்."

"அதும் இதுலதாம்ல இருக்கு, கூமுட்ட."

அந்தக் கட்டடத்தில் நான் கத்தி சார். நான் கதவைச் சற்றுத் திறந்தே வைத்திருப்பது காற்றுக்காக என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், கட்டடமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. சனி ஞாயிறோடு சேர்ந்து வந்த விடுமுறை. பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு பையன்கள் படியில் தடதடவென இறங்கியபோது, வீட்டுக்கார அம்மா கீழே வழியை மறித்து நின்றுகொண்டிருந்தார்.

"தோ பாரு, பூசைக்கு எதுனா வச்சிட்டுப் போங்கடா. வெறுங்கையோட போவாதீங்க."

ஒருவன் ஹெல்மெட்டை வைத்தான். ஒருவன் பைக்கின் இரண்டாவது சாவி. ஒருவன், தூங்குவதுதான் தன் தொழில் என்று சொல்லித் தலையணையைக் கொண்டுவந்தான். அந்த அம்மா அதாலேயே அவன் முதுகில் ஒன்று போட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சார், உங்களுது?"

பேனா வைக்கலாமென்று நினைத்தேன். ஆனால் பேனா கடைசியாக என்ன வேலை செய்தது என்று சாமி கேட்டால் பதில் இல்லை. உழைத்தது கத்திதான். எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை முழுதாக விரித்து, ஒவ்வொரு நாக்குக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, வாழையிலையில் கிடத்தினார். ஒரு பக்கம் அவர் கணவரின் அளவு டேப். மறுபக்கம் அரிவாள்மனை, காய் நறுக்கும் கத்தி, தையல் மிஷினின் கத்தரிக்கோல், ஸ்பேனர், சுத்தியல், திருப்புளிகள் இருந்த டப்பா. வீட்டில் கூராகவோ கெட்டியாகவோ இருந்த எதுவும் மிச்சமில்லை.

"நாளைக்குப் பூசை. நாளன்னிக்கிக் காலைல மறுபூசை பண்ணி சூடம் காட்டிட்டுத் தர்றேன். அதுவரைக்கும் எதும் தொடக் கூடாது" என்றார்.

"சரிங்க" என்றேன். ஒரு நாள்தானே.

மறுநாள் பிள்ளைப்பாக்கம் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். மற்ற நாள்களில் இங்கே ஓசை நிற்பதில்லை. கம்பெனி பஸ்கள், கார்களைச் சுமந்து போகும் நீள லாரிகள், எங்கேயோ இரும்பு இரும்பில் மோதும் சத்தம். அன்று எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தன. டீக்கடை முன்னால் வாழைக்கன்று கட்டிய ஒரு வேன். ரோட்டில் உடைத்த பூசணிக்காய், அதன் சிவப்பு. டீக்கடையும் பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. நான் ஊருக்குப் போவதில்லை. அம்மா போன பிறகு ஊரில் இருப்பது ஒரு ரேஷன் கார்டின் விலாசம்.

மதியம் துணி துவைக்கலாம் என்று பாத்ரூமுக்குள் போய், யாருமில்லாத அறையில், யாருமில்லாத மாடியில், வழக்கம்போலக் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டேன். யாரிடமிருந்து என்னை மறைத்துக்கொண்டேன் என்பதை இன்றுவரை யோசிக்கிறேன். துவைத்து முடித்துத் தாழ்ப்பாளை இழுத்தபோது அதன் குமிழ் கையோடு வந்துவிட்டது. கம்பி மட்டும் நிலைச் சட்டத்தின் ஓட்டைக்குள் ஆழமாக உட்கார்ந்திருந்தது. பிடித்து இழுக்க அதில் எதுவும் இல்லை.

முதலில் சிரித்தேன். தாழ்ப்பாளைக் கதவோடு பிடித்திருந்தவை ஸ்டார் ஸ்க்ரூக்கள். கழற்றினால் கதவு திறந்துவிடும், சாம்பார் முடிச்சைவிடச் சுலபம். வீட்டில் கத்தியைச் செருகிக்கொள்ளும் லுங்கி இடுப்பைத் தடவினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கத்தி கீழ்வீட்டில், சந்தனம் பூசிக்கொண்டு, வாழையிலையில் படுத்திருந்தது.

பல் துலக்கும் பிரஷ்ஷின் பின்பக்கத்தால் முயன்றேன், பிரஷ் உடைந்தது. சீப்பின் பல் உடைந்தது. கதவை உதைக்கலாம் என்று ஒரு காலைத் தூக்கினேன். சோப்பு நீர் தேங்கிய தரையில் ஒற்றைக் காலில் நிற்கும் நடுவயது ஆள் என்ன ஆவான் என்பதற்கு நானே ஒரு எச்சரிக்கைப் பலகை எழுதியிருக்கிறேன். விழுந்தேன். இடுப்பில் நல்ல அடி. எலும்பு உடையவில்லை, ஆனால் இன்னொரு முறை உதைக்கும் எண்ணம் உடைந்துவிட்டது. போன் கட்டிலில் சார்ஜில் இருந்தது.

கூப்பிட்டால் யாராவது வருவார்கள். வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. முந்தின நாள் "சரிங்க" என்று சொன்னதற்குப் பிறகு நான் பேசியிருக்கவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "யாராவது இருக்கீங்களா?" என்றேன். கீழ்வீட்டு டிவியைத் தாண்டிப் படியிறங்க அதற்குப் பலமில்லை, கல் நட்ட காலி மனைகளைப் பார்த்திருந்த வென்டிலேட்டர் வழியே வெளியே போயிற்று. அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டது. இன்னும் சத்தமாகக் கத்த முயன்றேன். "காப்பாத்துங்க" என்ற சொல்லைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இலக்கியத்தில் அந்தச் சொல்லைச் சத்தம் போட்டுச் சொன்ன நல்ல கதாபாத்திரம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என்னை யார் தேடுவார்கள்? விடுமுறை முடிந்து வேலை நாள் வந்தால், கேட்டில் செக்யூரிட்டி கை நீட்டும்போது கத்தி வராது. ஒருவேளை அவர் யோசிக்கலாம். பையன்கள் திரும்பி வந்து சிம் மாற்ற வேண்டியிருந்தால் கதவைத் தட்டலாம். தங்கையிடம் நான் தீபாவளிக்குத்தான் பேசுவேன். அதற்கு முன்பே தேடக்கூடிய ஆள் என்று ஒரு பெயரைக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். யாரும் கிடைக்கவில்லை. இது எனக்கு அதுவரை தெரியாத செய்தி அல்ல. ஆனால் தெரிந்த செய்தியையே ஈரத் தரையில், பூட்டிய கதவுக்குள் வைத்துப் படிப்பது வேறு மாதிரி இருந்தது. அறையில் போன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. இன்டர்நெட் கனெக்ஷன் வேண்டுமா என்று கேட்கும் குரலாக இருந்திருக்கும். அந்தக் குரலிடம்கூட ஐந்து நிமிடம் பேசியிருப்பேன்.

அப்போதுதான் புத்தி வேலை செய்தது. நான் காணாமல் போனால் இந்தக் கட்டடத்தில் யாரும் வரமாட்டார்கள். தண்ணீர் காணாமல் போனால் வருவார்கள்.

வீட்டுக்கார அம்மாவுக்குத் தண்ணீர்தான் உயிர். மொட்டைமாடித் தொட்டி ஒரு சொட்டு வழிந்தாலும் மூன்று மாடிக்கும் கேட்கும்படி மோட்டார் போட்டவனின் வம்சத்தையே விசாரிப்பார். துவைத்த துண்டைத் திரும்பச் சுருட்டி வடிகால் ஓட்டையில் திணித்தேன். குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். தண்ணீர் கொஞ்சம் யோசித்தது, பிறகு கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியில் நுழைந்து, அறைக்குள் புறப்பட்டுப் போயிற்று. தரையில் அடுக்கியிருந்த புத்தகங்களை நினைத்துக்கொண்டேன். அடுக்குகளில் அடியில் இருப்பவை தடித்தவை, நான் இன்னும் பிரிக்காதவை. அவற்றை இனி படிக்க வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதிகூட வந்தது. தண்ணீர் வாசலைத் தாண்டியிருக்கும், வராந்தாவில் ஓடியிருக்கும், படியில் இறங்கியிருக்கும் என்று மனதிலேயே அதோடு நடந்தேன்.

"எந்தக் கம்மனாட்டிடா கொழாயத் தொறந்து வுட்டவன்!"

வாழ்க்கையில் எந்தக் குரலையும் கேட்டு நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

காலடி ஏறி வந்தது. திறந்திருந்த வாசலில் நின்றது. "சார்? ஐய, நீங்களா? ஊருக்குப் போவலியா?"

"பாத்ரூம்ல மாட்டிக்கிட்டேன். தாழ்ப்பாள் உடைஞ்சுபோச்சு."

"மொதல்ல கொழாய மூடுங்க!"

மூடினேன். தண்ணீரைக் காலால் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே வரும் சத்தம் கேட்டது. "செருப்பு வெளில இல்லியே சார். நான் வாசல் வாசலா செருப்பப் பாத்துத்தான் யாரு கீறாங்கன்னு கண்டுக்குவேன். உங்க செருப்பக் காணோம், நீங்களும் பூட்டீங்கன்னு நெனச்சிக்கினேன்."

"நாய் தூக்கிட்டுப் போகுதேன்னு உள்ள வச்சிட்டேன்."

"நல்லா வச்சீங்க."

கதவைத் தள்ளிப் பார்த்தார். "ஒடச்சிடட்டுமா?" என்றார். நான் உடனே "உடைங்க" என்றேன். "இது புதுக் கதவு சார், போன தையிலதான் மாட்டினோம்" என்றார். கதவு அவருடையது என்பது இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும், கதவுக்கு அடியில் தள்ளிவிடலாம், நானே கழற்றிக்கொள்வேன் என்றேன். கீழே போனார். திரும்பி வந்து ஒரு ஸ்பூனைத் தள்ளினார். பொருந்தவில்லை. கொண்டை ஊசியைத் தள்ளினார். வளைந்தது. ஆசாரிக்கு என் காது கேட்கவே போன் போட்டார்.

"வரமாட்டானாம் சார். உளி, திருப்புளி எல்லாம் பூசையில கீதாம்."

"ஹார்டுவேர் கடை?"

"அத மூடிட்டு வாலாஜாபாத் பூட்டான். எங்கூட்டுக்காரரும் அங்கதான் போயிக்கிறாரு, அவரு மாமன் கடைப் பூசைக்கு. பொழுது சாஞ்சிதான் வருவாரு. அவரு வந்தாலும் அவருகிட்ட இன்னா கீது? டப்பாவே பூசையில."

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எத்தனை தொழிற்சாலை. ஒவ்வொன்றிலும் சுவர் முழுக்க மாட்டிய கருவிகள். உலகத்துக்கே கார் பூட்டிக் கொடுக்கிற இந்தப் பிரதேசத்தில், அந்த ஒரு மதியம், ஒரு ஸ்க்ரூவைத் திருப்ப ஆள் இல்லை. எல்லாக் கருவிகளும் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன.

"என் கத்தியக் கொண்டு வாங்களேன்" என்றேன். "அதுல ஸ்டார் இருக்கு."

"பூசையில வச்சத எடுக்கக் கூடாது சார்."

"அது என்னுதுங்க."

"சாமிகிட்ட வச்சப்புறம் இன்னா உன்னுது என்னுது?"

படித்தவன் என்ற முறையில் வாதாடினேன். கருவிக்கு மரியாதை செய்வதென்றால் அதைப் பயன்படுத்துவதும் மரியாதைதானே என்றேன். ஆபத்தில் உதவுவதைச் சாமி தடுக்குமா என்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

"ரெண்டு வருசம் முன்ன இவரு இதே மாரிதான் சொன்னாரு. மனை அளக்கணும், பார்ட்டி நிக்கறாங்கன்னு பூசையிலேர்ந்து டேப்ப எடுத்துக்கினு ஓடனாரு. நான் வாணாம் வாணாம்னேன். அந்த மனை இன்னிக்கும் கோர்ட்ல கீது சார்."

இதற்கு என் புத்தக அடுக்கில் பதில் இல்லை. இருந்திருந்தாலும் நனைந்திருக்கும்.

"சரி, விடுங்க" என்றேன். "நாளைக்குக் காலையில சூடம் காட்டிட்டே கொடுங்க. நான் இருக்கேன்."

சலிப்பில் சொன்னதுதான். ஆனால் சொன்ன பிறகு அது பொய்யில்லை என்று தெரிந்தது. அந்த அம்மா போகவில்லை. நாற்காலி இழுக்கும் சத்தம். என் ஒரே நாற்காலி, அதில் என்னைத் தவிர இன்னொருவர் உட்கார்ந்ததாக ஞாபகமில்லை. கதவுக்கு அடியில், அவர் பாதங்கள் ஈரத்தைத் தவிர்க்க நாற்காலிக் கம்பியில் ஏறிக்கொண்டது தெரிந்தது.

"சாப்டீங்களா?" என்றார்.

"இல்ல."

கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அடியில், தட்டையாக அமுக்கிய பாலிதீன் பையில் பொரியும் பொட்டுக்கடலையும் சர்க்கரையும் சறுக்கி வந்தன. "காப்பி குடுக்கலாம்னா டம்ளரு நுழையாது" என்றார்.

வாளிமேல் உட்கார்ந்து பொரி தின்றேன். அவர் பேசிக்கொண்டிருந்தார். வேலை நாளில் பையன்கள் போடும் கூச்சலைத் திட்டிக்கொண்டே இருப்பாராம், அவர்கள் ஊருக்குப் போய்விட்டால் தூக்கம் வராதாம். டிவியை ஓடவிட்டுப் படுத்துக்கொள்வாராம். யாரும் இல்லாதது போல இருக்கக் கூடாது என்று படிக்கட்டு லைட்டைப் பகலிலும் அணைக்க மாட்டாராம். மகன் ஓசூரில்.

"வீடியோ கால்ல வருவான் சார். ஆனா நான் அவன் மூஞ்சியப் பாக்கறதே இல்ல. மூலையில சின்னதா என் மூஞ்சி தெரியுது பாருங்க, அதையேதான் பாத்துக்கினு இருப்பேன். இவ்ளோ கெழவியாவா ஆயிட்டேன்னு. அவன் இன்னா சொன்னான்னே தெரியாது. வச்சப்புறம்தான் ஐயோ, புள்ளயப் பாக்கலியேன்னு இருக்கும்."

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "ம்" என்றேன். அது போதுமானதாக இருந்தது போல.

"நீங்க ஏன் சார் கல்யாணம் பண்ணிக்கல?"

முகத்துக்கு நேரே இதைக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு நகைச்சுவை வைத்திருக்கிறேன். கதவைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. ஒருவர் இருந்தார், ஒரே ஆபீஸ், கேட்க வேண்டும் கேட்க வேண்டும் என்று இருந்தேன், எப்படிக் கேட்பது என்று வாக்கியத்தைத் திருத்திக்கொண்டே இருந்ததில் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது என்றேன். சொல்லும்போதே இது எவ்வளவு அபத்தம் என்று எனக்கே சிரிப்பு வந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

"அப்புறம் போயி பாக்கலியா?"

"இல்ல."

"பாத்துருக்கலாம்" என்றார்.

வெயில் வென்டிலேட்டரில் நிறம் மாறியது. நான் தும்மினேன். ஈர பனியன், ஈர லுங்கி. இரண்டாவது முறை தும்மியதும் நாற்காலி நகர்ந்தது.

"இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கீழே மணிச் சத்தம் கேட்டது. விட்டு விட்டு, பிறகு வேகமாக. அவர் மறுநாள் காலையை அன்று மாலையிலேயே வரவழைத்துக்கொண்டிருந்தார். சூடத்தின் வாசனை படியேறி வந்ததும் கதவுக்கு அடியில் ஒரு கை தெரிந்தது, வளையலோடு. என் கத்தி சந்தனம் காய்ந்து, குங்குமம் ஈரத்தில் இளகி, உள்ளே வந்தது.

"சாமிகிட்ட சொல்லிட்டேன். எத்தினி நேரம் ஒருத்தன் ஈரத்துல குந்திகினு கெடப்பான்னு. கேஸ் கீஸ் வந்தா உம் மேலதான்னு சொல்லிட்டேன்."

ஸ்க்ரூக்கள் துருப்பிடித்திருந்தன. ஆனாலும் எனக்கு ஆன நேரத்துக்குத் துரு மட்டும் காரணம் இல்லை. முதலாவதைக் கழற்றும்போது அவர் மருமகளைப் பற்றிச் சொன்னார். அடுத்ததைக் கழற்றும்போது மேல்மாடிப் பையன் ஒருவனின் காதல் விவகாரத்தை, எனக்குத் தெரியாமலேயே என் கதவுக்கு வெளியே நடந்ததை, முழுதாகச் சொன்னார். நான் ஸ்க்ரூ டிரைவரைச் சில நேரம் திருப்பாமலே பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசி ஸ்க்ரூ தானாகவே விழுந்தது.

கதவைத் திறந்தேன்.

என் ஈர பனியனை அவர் பார்த்தார். நான் அவர் காலடியில் கிடந்த என் புத்தகங்களைப் பார்த்தேன். இவ்வளவு நேரம் பேசியது இன்னொருவர் போலவும், நாங்கள் இப்போதுதான் படிக்கட்டில் எதிர்ப்பட்டது போலவும் இருந்தது. அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"ரொம்பத் தேங்க்ஸ்ங்க."

"தண்ணிதான் ரொம்ப வீணாப் பூட்ச்சி" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார்.

உடை மாற்றிக்கொண்டேன். கத்தியைக் கழுவாமல் அப்படியே பேன்ட் பைக்குள் போட்டேன். மாப்பை எடுத்து அறையைத் துடைத்தேன், வராந்தாவைத் துடைத்தேன், படிக்கு வந்தேன். முதல் மாடித் திருப்பத்தில் நின்று பார்த்தபோது கீழே அவர் கதவு மூடியிருந்தது. உள்ளே டிவியில் யாரோ பட்டிமன்றத்தில் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். போய்த் தட்டலாம் என்று நினைத்தேன். என்ன கேட்பது? பையன்கள் என்னிடம் கேட்பதற்கு எத்தனையோ இருந்தது. எனக்கு அவரிடம் கேட்க ஒன்றுமில்லை. அப்படி ஒன்றுமில்லாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் இத்தனை வருடம் செலவழித்திருந்தேன்.

கையிலிருந்த மாப்பைத் திருப்பத்துச் சுவரில், கீழிருந்து பார்த்தால் தெரியாதபடி சாய்த்துவைத்தேன். இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"இன்னா சார், மறுபடி மாட்டிக்கினீங்களா?"

"இல்லீங்க, படியெல்லாம் ஈரமா இருக்கு. மாப் இருந்தா..."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாப்பு இல்லாமயா இத்தினி வருசம் குடித்தனம் பண்றீங்க?" என்றார். உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார்.

படிகளை ஒவ்வொன்றாக, மூலை முடுக்கு விடாமல் துடைத்தேன். முடித்ததும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.